ஜெனரேட்டிவ் டிசைன் விசித்திரமாக வருகிறதா? வடிவத்தைப் பார்த்து லோடு, கன்ஸ்ட்ரெயின்ட் பிழையைப் பிடிப்பது

ஆட்டோடெஸ்க்கின் ஃபியூஷன் மென்பொருளில் ஜெனரேட்டிவ் டிசைன் (விசையையும் பிடிப்பையும் கொடுத்தால் வடிவத்தை மென்பொருளே உருவாக்கும் முறை) ஓட்டி, எதிர்பாராத வடிவம் ஒன்று வந்ததும் பலர் முதலில் கை வைப்பது மெட்டீரியலில். இல்லையென்றால் ரெசல்யூஷன் ஸ்லைடரில். இரண்டுமே அபூர்வமாகத்தான் காரணமாக இருக்கும். என் மேஜைக்கு வரும் ஃபைல்களில் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறு: மனதில் நினைத்த விசை ஒன்று, உள்ளே கொடுத்த விசை இன்னொன்று. மென்பொருள் கொடுத்ததற்குச் சரியாகவே விடை தந்திருக்கும். அதனால் வந்த வடிவத்தை உற்றுப் பார்த்தாலே எங்கே தவறு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கீழே முழுக்க ஒரே உதாரணம். சுவரில் நான்கு எம்8 போல்ட்டில் நிற்கும் ஒரு பிராக்கெட். சுவரிலிருந்து 120 மி.மீ. தள்ளி ஒரு கண்துளை, அதில் 50 கிலோ தொங்குகிறது. மேல் இரண்டு போல்ட்டுக்கும் கீழ் இரண்டுக்கும் இடையே 60 மி.மீ. பச்சை நிற பிரிசர்வ் என்றால் கட்டாயம் இருக்க வேண்டிய பகுதி, சிவப்பு ஆப்ஸ்டக்கிள் என்றால் பொருள் வளரக் கூடாத இடம். ஓட்டத்துக்கு டோக்கன் செலவழிக்கும் முறையில் வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு ஓட்டமும் காசு. ஆகவே ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத சோதனை முதலில், மறுபடி ஓட்டச் சொல்வது கடைசியில்.

அறிகுறி 1: ஜெனரேட் செய்யவே விடவில்லை, பிரீ-செக் சிவப்பு

ஐந்து நிமிட வேலை. எது குறை என்று பிரீ-செக்கே (ஓட்டும் முன் மென்பொருள் செய்யும் சரிபார்ப்பு) சொல்லும், ஏன் என்று சொல்லாது.

முதலில் பாருங்கள், எந்த லோட் கேஸ் (ஒரே நேரத்தில் செயல்படும் விசைகள், பிடிப்புகளின் தொகுப்பு) இப்போது ஆக்டிவ்? நீங்கள் கொடுக்கும் பிடிப்பும் (கன்ஸ்ட்ரெயின்ட்) விசையும் (லோடு) ஆக்டிவாக இருக்கும் கேஸில்தான் போய் விழும். முதல் கேஸில் கொடுத்த ஃபிக்ஸ்டு (எந்தப் பக்கமும் அசைய விடாத பிடிப்பு), இரண்டாவது கேஸுக்குத் தானாக வராது. ஒவ்வொரு கேஸுக்கும் குறைந்தது ஒரு பிடிப்பு, ஒரு விசை தனியாக வேண்டும். காலியாக ஒரு கேஸைத் திறப்பதை விட, முதல் கேஸை குளோன் செய்து விசையை மட்டும் மாற்றுவது நல்லது.

அது சரியாக இருந்தால், விசை எந்த ஃபேஸில் (பரப்பில்) உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். பிடிப்பும் விசையும் பிரிசர்வ் மேல்தான் இருக்க முடியும். போல்ட்டுக்காகப் போட்ட ஆப்ஸ்டக்கிள் சிலிண்டரும் துளையின் உள்பரப்பும் ஒட்டி நிற்பதால் கிளிக் தவறுவது சகஜம். ஆப்ஸ்டக்கிள்களை மறைத்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம், பிரிசர்வும் ஆப்ஸ்டக்கிளும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கிறதா? 9 மி.மீ. துளைக்குள் 10 மி.மீ. சிலிண்டர் வைத்தால் வம்பு. தொட்டுக்கொண்டு இருக்கலாம், ஊடுருவக் கூடாது. வெளியிலிருந்து இம்போர்ட் செய்த மாடல் என்றால், அது சாலிட் பாடியாக வந்திருக்கிறதா, வெறும் சர்ஃபேஸாக வந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மஞ்சளாக இருந்தால் ஓடும். ஆனால் அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் ஓட்டியவர்கள்தான் அடுத்த அறிகுறிக்கு வந்து சேருகிறார்கள்.

அறிகுறி 2: பிரீ-செக் பச்சை, ஓட்டமும் முடிந்தது, அவுட்கம் மட்டும் தோல்வி

அவுட்கம் என்பது மென்பொருள் தரும் விடை வடிவம். *சில அவுட்கம் மட்டும் தோற்றிருக்கிறது என்றால்,* லோடு பக்கம் போகவே வேண்டாம். தோற்றவை எல்லாம் ஒரே தயாரிப்பு முறையைச் சேர்ந்தவையா என்று பாருங்கள். மில்லிங் மட்டும் தோற்றிருந்தால், நீங்கள் கொடுத்த டூல் விட்டம் ஆப்ஸ்டக்கிள்களுக்கு நடுவே நுழைய முடியாத அளவாக இருக்கலாம், அல்லது டூல் வரும் திசையை ஆப்ஸ்டக்கிளே மறைத்துக்கொண்டிருக்கலாம்.

*எல்லாமே தோற்றிருந்தால்,* பெரும்பாலும் பொருள் பிடிப்பில்லாமல் நகர்கிறது. பிடிப்பு ஒன்று இருக்கிறதா என்றுதான் பிரீ-செக் பார்க்கும். அந்தப் பிடிப்பு போதுமா என்பது உங்கள் கவலை. ஒரே ஒரு பின் (pin) கன்ஸ்ட்ரெயின்ட், அதாவது துளையைப் பிடிப்பது, அதில் டேன்ஜென்ஷியல் (சுழலும் திசை) ஃப்ரீ என்றால் பிராக்கெட் அந்த அச்சைச் சுற்றிச் சுழலும். ஃபிரிக்சன்லெஸ் (பரப்புக்குச் செங்குத்தான நகர்வை மட்டும் தடுப்பது) மட்டும் கொடுத்திருந்தால் அந்தப் பரப்பின் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். பேப்பரில் ஆறு கோடு போடுங்கள்: மூன்று நகர்வு, மூன்று சுழற்சி. ஒவ்வொன்றையும் எந்தப் பிடிப்பு தடுக்கிறது என்று எழுதுங்கள். ஏதாவது ஒரு கோடு காலியாக இருந்தால் பதில் அங்கே இருக்கிறது.

ஆறும் நிரம்பிவிட்டது, அப்படியும் தோற்கிறது என்றால், வளர வழியில்லாமல் ஏதோ ஒரு பிரிசர்வ் அடைபட்டிருக்கலாம். சுற்றிலும் ஆப்ஸ்டக்கிள் மூடிய வளையத்துக்கு மென்பொருளால் போக முடியாது. செக்ஷன் வெட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்று: அவுட்கமின் நிலை 'கன்வெர்ஜ்ட்' என்று இல்லாமல் 'கம்ப்ளீட்டட்' என்று வந்தால் அது தோல்வி கிடையாது. ஆனால் கேட்ட எல்லா நிபந்தனையும் நிறைவேறியது என்றும் அதற்கு அர்த்தமில்லை. சேஃப்டி ஃபேக்டரை (பொருள் தாங்கும் அளவு, வரும் அளவைப் போல எத்தனை மடங்கு என்பது) பார்த்துவிட்டு எடுங்கள்.

அறிகுறி 3: உருளைக்கிழங்கு மாதிரி கட்டையாக வந்திருக்கிறது

லோடு அதிகம் என்று எல்லோரும் உடனே சொல்வார்கள். அதற்கு முன்பு ஆப்ஜெக்டிவைப் (நீங்கள் கொடுத்த இலக்கு) பாருங்கள். மேக்ஸிமைஸ் ஸ்டிஃப்னெஸ் (விறைப்பைக் கூட்டு) கொடுத்து, மாஸ் டார்கெட் 2 கிலோ என்று போட்டிருந்தால் 2 கிலோ கட்டைதான் வரும், அதைத்தானே கேட்டீர்கள். எடையைக் குறைக்கத்தான் வந்தீர்கள் என்றால் மினிமைஸ் மாஸ் (எடையைக் குறை) தேர்ந்தெடுங்கள்.

அடுத்து, பார்த்துக்கொண்டிருக்கும் அவுட்கம் எந்த மெட்டீரியல்? ஒரே ஸ்டடியில் அலுமினியமும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கும் சேர்த்திருந்தால், பிளாஸ்டிக்கில் வந்ததைத் திறந்து வைத்துக்கொண்டு பதறுபவர்கள் உண்டு.

அப்புறம்தான் விசை. இதில் மூன்று கிளை.

அலகு: 50 கிலோ என்றால் 50 × 9.81, அதாவது 490.5 நியூட்டன். ஃபைலின் விசை அலகு பவுண்டு-ஃபோர்ஸில் நின்றுகொண்டிருக்க, அந்தப் பெட்டியில் 490.5 என்று அடித்தால் சுமார் 2,180 நியூட்டன் போய்விடும். நாலரை மடங்கு.

ஃபேஸ் எண்ணிக்கை: ஒரே விசைக்குப் பல ஃபேஸ்களைத் தேர்ந்தெடுத்தால், கொடுத்த எண் அனைத்துக்கும் சேர்த்தா, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியா என்பதைச் சரிபாருங்கள். நான்கு ஃபேஸ் மீது ஒவ்வொன்றுக்கும் 490 என்று விழுந்தால், நீங்கள் 200 கிலோ தொங்கவிட்டிருக்கிறீர்கள்.

இரட்டைப் பாதுகாப்பு: இது தொழிற்சாலைகளில் மிகச் சாதாரணம். டிசைன் எழுதியவர் 50 கிலோவை ஏற்கெனவே மூன்றால் பெருக்கி 150 என்று டிராயிங்கில் எழுதியிருப்பார். அதை வாங்கியவர் சேஃப்டி ஃபேக்டர் 2 வைப்பார். மொத்தம் ஆறு மடங்கு. டிராயிங்கில் இருப்பது உண்மைச் சுமையா, பெருக்கிய சுமையா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டால் எடை நன்றாகக் குறையலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சின்னப் பொருள் கட்டையாகவே வந்தால், அடிட்டிவ் (3டி அச்சு) அமைப்பில் மினிமம் திக்னஸைப் பாருங்கள். 40 மி.மீ. அளவுள்ள பொருளுக்கு 3 மி.மீ. குறைந்தபட்சத் தடிமன் என்றால் மெலிய இடமே இல்லை.

அறிகுறி 4: பயமாக இருக்கும் அளவுக்கு மெலிந்து வந்திருக்கிறது

கட்டையாக வந்தால் காசுதான் வீண். மெலிந்து வந்தால் யாராவது அதை அச்சிட்டு மாட்டிவிடுவார்கள். ஆகவே இதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

எளிய காரணம் மறுபடி அலகுதான்: 490.5 போட வேண்டிய இடத்தில் 50. கிலோவை நியூட்டன் பெட்டியில் அப்படியே அடித்தால் சுமை பத்தில் ஒரு பங்காகிவிடும்.

அதற்கடுத்தது கிராவிட்டி பற்றிய தப்பான நம்பிக்கை. கிராவிட்டியை ஆன் செய்தால் பிராக்கெட்டின் சொந்த எடைதான் கணக்கில் சேரும். அதில் தொங்கும் மோட்டாரின் எடை சேராது, ஏனென்றால் மோட்டார் அங்கே வெறும் ஆப்ஸ்டக்கிள். அதைத் தனி விசையாகத்தான் கொடுக்க வேண்டும். 4 கிலோ மோட்டார், அதிர்வுக்காக 3ஜி (புவியீர்ப்பைப் போல மூன்று மடங்கு) எடுத்துக்கொள்கிறீர்கள் என்றால் 4 × 9.81 × 3, கிட்டத்தட்ட 118 நியூட்டன். கிராவிட்டி அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் பாருங்கள். மாடலைப் படுக்க வைத்து வரைந்து, செங்குத்தாக மாட்டுவது வழக்கமாக நடக்கும் விஷயம்.

இனி, நான் அதிகம் பார்க்கும் பிழை. பிராக்கெட் இடமும் வலமும் ஆடும் என்பதால் கண்துளையில் பிளஸ் எக்ஸ் திசையில் 300 நியூட்டன், மைனஸ் எக்ஸ் திசையில் 300 நியூட்டன் கொடுத்திருப்பார்கள். இரண்டும் ஒரே லோட் கேஸில். ஒரே கேஸில் இருக்கும் விசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும். ஒரே ஃபேஸில் எதிரெதிராக 300, 300 என்றால் கூட்டுத்தொகை பூஜ்ஜியம். பக்கவாட்டு விசையே இல்லாத பிராக்கெட்டுக்கான வடிவம்தான் வரும்: ஒரு தட்டையான சுவர் மாதிரி, பக்கவாட்டில் தாங்கும் கிளையே இருக்காது. அந்தத் தட்டை வடிவத்தைக் கண்டாலே லோட் கேஸைத் திறந்து பாருங்கள்.

விசைகள் வேறு வேறு பிரிசர்வ்களில் எதிரெதிராக இருந்தால் அடையாளமும் வேறு. அப்போது அந்த இரண்டு பிரிசர்வையும் நேராக இணைக்கும் ஒரு கம்பி முளைக்கும்; சுவர்ப் பக்கம் கொஞ்சம்தான் போகும். விசைகள் தங்களுக்குள்ளேயே சண்டையை முடித்துக்கொண்டால் போல்ட்டுக்கு என்ன வேலை?

சரி செய்வது எளிது. ஒரே நேரத்தில் நிகழ்பவை ஒரே கேஸில், மாறி மாறி நிகழ்பவை தனித்தனிக் கேஸில். நம் பிராக்கெட்டுக்கு நான் வைப்பது: கீழ்நோக்கி முழுச் சுமை ஒரு கேஸ், கீழ்நோக்கிச் சுமையோடு வலப்பக்கத் தள்ளல் ஒரு கேஸ், அதையே இடப்பக்கமாக இன்னொரு கேஸ். சுமையை மாட்டும்போது மேலே தட்டும் வாய்ப்பு இருந்தால் மேல்நோக்கி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பெயர் வையுங்கள். 'லோட் கேஸ் 4' என்று விட்டுவைத்தால் அடுத்த வாரம் உங்களுக்கே நினைவிருக்காது.

கேஸ்கள் சரி, எண்கள் சரி, இன்னும் மெலிவுதான் என்றால் அது உண்மையாகவே போதுமான வடிவமாக இருக்கலாம். அப்போது இரண்டைப் பாருங்கள். ஒன்று, டிஸ்பிளேஸ்மென்ட்: உடையாது, ஆனால் 4 மி.மீ. தொங்கும் என்றால் உங்களுக்குச் சரிதானா? இரண்டு, அமுங்கும் பக்கத்தில் நீளமான மெல்லிய கால். வழக்கமான ஸ்டேட்டிக் கணக்கு பொருள் நசுங்குமா என்று பார்க்கும். கால் பக்கவாட்டில் மடங்குமா என்று பார்க்காது. அதற்கு பக்ளிங் ஸ்டடி தனியாக ஓட்ட வேண்டும். அதில் வரும் லோட் ஃபேக்டரை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாவிட்டால், இதுதான் அனாலிசிஸ் தெரிந்தவரிடம் போகவேண்டிய முதல் இடம்.

அறிகுறி 5: மேல் போல்ட்டுகளைத் தொடவே இல்லை

இதற்கு முன் பேப்பரில் ஒரு கணக்கு. 490.5 நியூட்டனை 120 மி.மீ. தூரத்தில் தொங்கவிட்டால் மொமென்ட் (திருப்பும் வலு) 58.86 நியூட்டன்-மீட்டர். போல்ட் வரிசைகளுக்கு இடையே 60 மி.மீ. என்பதால் மேல் வரிசை சுமார் 981 நியூட்டன் இழுவையை வாங்கும், ஒவ்வொரு போல்ட்டுக்கும் 490. தோராயமான கணக்குதான். ஆனால் மேல் போல்ட்டுகளுக்குக் கணிசமான பங்கு இருக்கிறது என்பதை இது சொல்லிவிடுகிறது. அங்கே ஒரு கிளையும் போகவில்லை என்றால் பிடிப்பில்தான் கோளாறு.

*மேல் துளைகளில் கன்ஸ்ட்ரெயின்டே இல்லையா?* நான்கில் இரண்டுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை மறந்திருப்பார்கள். பிரிசர்வ் மட்டும் வைத்து, பிடிப்போ விசையோ எதுவும் தராத வளையத்துக்கு மென்பொருள் ஒரு நூலளவு இணைப்பு மட்டும் கொடுக்கும்.

*சுவர்த் தட்டை முழுக்க ஒரே பிரிசர்வாக வைத்து, பின்பக்கம் முழுக்க ஃபிக்ஸ்டு கொடுத்தீர்களா?* அப்படியென்றால் தட்டு முழுவதும் சுவரோடு வெல்டு செய்ததாக அர்த்தம். கண்துளைக்கு அருகில் உள்ள இடத்தில் விசையை இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. தட்டைத் தூக்கிவிட்டு நான்கு தனி வளையங்களாக மாற்றுங்கள். எம்8 வாஷரின் வெளிவிட்டம் 16 மி.மீ., வளையமும் அதற்குக் குறையாமல் இருக்கட்டும்.

*பின்பரப்பில் ஃபிரிக்சன்லெஸ் இருக்கிறதா?* இதுதான் பலரை ஏமாற்றுவது. சுவரில் சாய்ந்து நிற்கிறது, அதனால் ஃபிரிக்சன்லெஸ் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிடிப்பு பரப்புக்குச் செங்குத்தான நகர்வை இரண்டு பக்கமும் தடுக்கும். சுவர் தள்ளும் என்பது உண்மை, சுவர் இழுக்காது. இந்தக் கணக்கிலோ சுவர் இழுக்கவும் செய்கிறது. மேல்பாதி சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்போது மேல் போல்ட்டுக்கு இழுவையே இல்லை. தீர்வு: பின்பரப்பை ஸ்பிளிட் செய்து, உண்மையில் சுவரை அழுத்தும் கீழ்ப்பகுதிக்கு மட்டும் ஃபிரிக்சன்லெஸ் வையுங்கள்.

*நான்கு துளைகளிலும் ஃபிக்ஸ்டு, அதுவும் சரியாக இல்லை என்றால்?* ஃபிக்ஸ்டு என்பது துளையின் பரப்பு எந்தத் திசையிலும் அசையாது என்று சொல்வது. நிஜ போல்ட் அவ்வளவு கெட்டியாக எதையும் பிடிப்பதில்லை. நான் செய்வது இது: ரெசல்யூஷனைக் குறைத்து, நான்கும் ஃபிக்ஸ்டாக ஒரு ஓட்டம், அதே ஸ்டடியை குளோன் செய்து, கீழ் இரண்டை பின் கன்ஸ்ட்ரெயின்டாக, ரேடியல் (ஆரத் திசை) மட்டும் பிடித்து, இன்னொரு ஓட்டம். வடிவம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றால் நிம்மதி. தலைகீழாக மாறினால், உங்கள் வடிவத்தைச் சுமை தீர்மானிக்கவில்லை, நீங்கள் யோசிக்காமல் கிளிக் செய்த பிடிப்பு தீர்மானிக்கிறது. அப்போது போல்ட் உண்மையில் எதைத் தடுக்கிறது என்று உட்கார்ந்து யோசிக்காமல் வழியில்லை. முழு ஓட்டத்துக்கு முன் பிரிவ்யூவர் காட்டும் உத்தேச வடிவத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் ஓட்டுவது டோக்கனை வீசி எறிவது.

அறிகுறி 6: அழகாக வந்திருக்கிறது, ஆலன் கீ நுழையவில்லை

லோடில் தவறில்லை. போல்ட் தலைக்கு மட்டும் ஆப்ஸ்டக்கிள் வைத்து, கைக்கு வைக்க மறந்திருக்கிறீர்கள். எம்8 ஆலன் போல்ட்டின் தலை 13 மி.மீ. விட்டம், 8 மி.மீ. உயரம். போல்ட்டை வெளியே உருவி எடுக்கவும், 6 மி.மீ. கீயைத் திருப்பவும் இடம் விட்டு ஒரு நீண்ட சிலிண்டர் போடுங்கள். கனெக்டர் ஆப்ஸ்டக்கிள் கருவி இதற்குத்தான் இருக்கிறது.

அறிகுறி 7: ஒரு பக்கம் சாய்ந்து வருகிறது

பொருள் சமச்சீர், வடிவம் மட்டும் கோணல் என்றால் வலப்பக்க கேஸ் இருக்கிறது, இடப்பக்க கேஸ் இல்லை. அல்லது இரண்டும் இருந்து, எண்கள் வேறு. இரண்டும் சரி, சின்னச் சின்ன வித்தியாசம்தான் என்றால் சிமெட்ரி பிளேன் கொடுத்துவிடுங்கள். கேஸ்கள் தவறாக இருக்கும்போது சிமெட்ரியால் மூடி மறைக்காதீர்கள். கோணல் போய்விடும், பிழை உள்ளேயே இருக்கும்.

அறிகுறி 8: ஜெனரேட்டிவில் சேஃப்டி ஃபேக்டர் 2, ஸ்டேட்டிக் ஸ்ட்ரெஸில் 0.8

அவுட்கமை டிசைனாக மாற்றி, தனியாக ஒரு ஸ்டேட்டிக் ஸ்ட்ரெஸ் (நிலையான சுமையில் பொருளுக்குள் எவ்வளவு தகைவு வரும் என்ற கணக்கு) ஓட்டிப் பார்க்காதவர்களுக்கு இந்த அறிகுறி வராது. வராததே அவர்களுடைய பிரச்சினை.

சிவப்பு எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஃபிக்ஸ்டு கொடுத்த துளையின் விளிம்பில் ஒரே ஒரு புள்ளியா? மெஷ்ஷை (கணக்குக்காகப் பொருளைப் பிரிக்கும் சிறு துண்டுகள்) பாதி அளவாக்கி மறுபடி ஓட்டுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் அது கணக்கின் கூர்முனை, உண்மையான ஸ்ட்ரெஸ் இல்லை. இரண்டு மூன்று முறை பொடியாக்கியும் எண் ஓரிடத்தில் நின்றால், அது நிஜம்.

சிவப்பு கண்துளையில் என்றால் சுமை கொடுத்த விதத்தைப் பாருங்கள். துளையின் முழு உள்பரப்புக்கும் ஃபோர்ஸ் கொடுத்தால் கொக்கி கீழ்ப்பாதியைத் தள்ளுவதோடு, மேல்பாதியைப் பசை போட்டு இழுக்கவும் செய்கிறது. பேரிங் லோடு கொடுத்தால் தாங்கும் பாதியில் மட்டும் விழும். ஜெனரேட்டிவில் ஒன்று, ஸ்டேட்டிக்கில் இன்னொன்று என்று கொடுத்திருந்தால் எண்கள் ஒத்துவராது.

சிவப்பு கிளையின் நடுவில் பட்டையாகப் பரவியிருந்தால் வாதாட இடமில்லை. மெட்டீரியல் இரண்டிலும் ஒன்றுதானா என்று பாருங்கள். டி-ஸ்ப்லைன் உடம்பை (அவுட்கமை மாற்றும்போது வரும், இழுத்துத் திருத்தக்கூடிய வளைபரப்பு வடிவம்) திருத்தும்போது அந்தக் கிளையை மெலித்துவிட்டீர்களா என்றும் பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் லோட் கேஸை விரிவாக்கி மறுபடி ஜெனரேட் செய்வதுதான்.

ஜெனரல் மோட்டார்ஸ் ஆட்டோடெஸ்க்குடன் சேர்ந்து 2018-இல் காட்டிய இருக்கை பிராக்கெட்டைப் பலர் பார்த்திருப்பார்கள்: எட்டு பாகங்கள் ஒன்றாகி, எடை 40 சதவீதம் குறைந்து, வலிமை 20 சதவீதம் கூடியது. அந்தப் படத்தைப் பார்த்து ஆசைப்படுவதில் தவறில்லை. அதே மாதிரி ஒன்றை நேராக வண்டியில் மாட்டலாம் என்று நினைப்பதில்தான் தவறு.

எப்போது நிறுத்திவிட்டு வேறொருவரைக் கூப்பிடுவது

மனிதர் தலைக்கு மேல் தொங்குவது, பிரேக், ஸ்டீயரிங், சீட் பெல்ட், கிரேன் கொக்கி, அழுத்தக் கலன்: இவற்றில் ஸ்டேட்டிக் ஸ்ட்ரெஸ் பச்சையாக வந்தாலும் நீங்கள் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். லட்சக்கணக்கான முறை சுமை ஏறி இறங்கும் பொருளுக்கு ஃபடீக் கணக்கு வேண்டும், இங்கே செய்த எதுவும் அதைத் தொடவில்லை. மோதல், ரப்பர், வளைந்த பின் திரும்பாத பிளாஸ்டிக், சூட்டில் வேலை செய்வது ஆகியவையும் அப்படியே. அச்சிட்ட பொருள் அடுக்குகளுக்குக் குறுக்கே பலம் குறைந்து நிற்கும். மெட்டீரியல் பட்டியலில் இருக்கும் ஒற்றை எண்ணில் அது தெரியாது, டெஸ்ட் கூப்பன் (சோதனைத் துண்டு) அச்சிட்டு இழுத்துப் பார்க்க வேண்டும்.

அனாலிஸ்ட்டிடம் போகும்போது வெறும் எஸ்டிஎல் ஃபைலை (வடிவம் மட்டும் இருக்கும் ஃபைல்) மட்டும் அனுப்பாதீர்கள். ஸ்டடி இருக்கும் ஃபியூஷன் ஃபைல், ஒவ்வொரு லோட் கேஸும் நிஜத்தில் எந்தச் சூழ்நிலையைக் குறிக்கிறது என்று ஒரு வரி, பெருக்கிய சுமையா பெருக்காததா, போல்ட்டின் கிரேடும் முறுக்கும் டார்க்கும், எந்தத் திசையில் அச்சிடப் போகிறீர்கள் என்பது, இவ்வளவும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தவர்களில் சிலர் அனாலிஸ்ட்டிடம் போவதற்கு முன்பே தங்கள் பிழையைப் பிடித்துவிடுகிறார்கள்.